எலுமிச்சம்பழம் வச்சா கிரைண்டர் கடிக்காதா?

ஏன்டா தம்பி, போன ஆயுத பூசையன்னிக்கு நம்ம தாமான்ல நடந்த கூத்தைப் பார்த்தியா? எங்க பார்த்திருக்கப் போறே. நீ போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்திருப்பே. இரு, நானே சொல்றேன். இந்தக் கோப்பி ஆறுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன்னு நினைக்காதே. ரெண்டாவது கோப்பியும் ஆகும்.

மூணாவது வீட்டுப் பையன் இருக்கானே, ஈப்போவுல கம்பியூட்டர் வேலை பார்க்கிறவன், நல்ல புள்ள. கண்ணாடி மாதிரி தேய்ச்ச கல்லுங்களை எங்கேயோ பார்த்துட்டு வந்து, தானும் வீட்டிலேயே கல்லு வெட்டப் போறேன்னு ஆரம்பிச்சுட்டான். எங்க காலத்துல கல்லு வெட்டுறதுன்னா அது கூலி வேலை. வெயில்ல வேகணும், சாயந்திரம் முதுகு நிமிராது. இப்ப அதுக்குப் பேரு ஹாபியாம். சம்பளத்துக்கு வெட்டுனவன் கூலி, சொந்தக் காசு போட்டு வெட்டுறவன் கலைஞன். நல்லா இருக்குடா உலகம்.

பூசைக்கு வாழை இலை விரிச்சு, புதுசா வாங்குன நாலங்குல கிரைண்டரை நடு இலையில உட்கார வச்சிருந்தான். மூணு பட்டை விபூதி. சந்தனம். வட்டு நடுவுல வட்டமா ஒரு குங்குமப் பொட்டு. முன்னால ஒரு எலுமிச்சம்பழம். அவங்க அம்மா சூடம் காட்டுறாங்க. எனக்குக் கண்ணு சாமி மேல போகலை. வட்டு மேல போச்சு. பாதி வட்டை மூடிக்கிட்டு ஒரு இரும்புக் கவசம் இருக்கணுமே, அது இல்லை.

"எங்கடா மூடி?"ன்னேன்.

"அது மறைக்குது தாத்தா. வெட்டுற இடம் தெரியலை. கழட்டிட்டேன்."

சாமி காப்பாத்தட்டும்னு பழம் வச்சான். கம்பெனிக்காரன் காப்பாத்தக் கொடுத்ததைக் கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டுட்டான். முருகனுக்கு வேற வேலை இல்லை பாரு. ஈப்போ கல்லுமலைக் கோயிலை விட்டு இறங்கி வந்து இவன் கிரைண்டருக்கு மூடி மாதிரி நிப்பாரா?

சரி, அந்த வட்டு என்ன வேகத்துல சுத்துதுன்னு உனக்குத் தெரியுமா? நாலங்குல மெசின் நிமிசத்துக்குப் பதினோராயிரம் சுத்து சுத்தும். பெட்டியிலேயே போட்டிருக்கான். நான் ஆறாங்கிளாஸ்தான். ஆனா கணக்குப் போடுவேன். வட்டோட விளிம்பு மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல ஓடுது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில 110-க்கு மேல போனா சம்மன் வரும். நீ மடியில வச்சுக்கிட்டுப் பிடிக்கிறது அதுல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. உடைஞ்சு தெறிச்சா துண்டும் அந்த வேகத்துலதான் வரும். மூடி எதுக்குன்னு இப்பப் புரியுதா? அந்தத் துண்டு உன் மூஞ்சிப் பக்கம் வராம அந்தப் பக்கம் போறதுக்கு.

இதுல இன்னும் கெட்டிக்காரனுங்க இருக்கானுங்க. சின்ன மெசின்ல ஏழங்குல வட்டை மாட்டுவானுங்க. ஆழமா வெட்டணுமாம். மூடி இருந்தா பெரிய வட்டு உள்ளே போகாது, அதான் மூடி முதல்ல போகுது. அந்த ஏழங்குல வட்டு மேல 8,500-ன்னு எழுதியிருக்கும். மெசின் சுத்துறது 11,000. மாட்டு வண்டியில லோரி இஞ்சினைக் கட்டுனா மாடு ஓடுமா, வண்டிதான் தாங்குமா? வட்டுல எழுதியிருக்கிற எண்ணு மெசின்ல எழுதியிருக்கிறதை விடக் கூடுதலா இருக்கணும். அவ்வளவுதான் சாஸ்திரம். இதுக்கு வாஸ்து பார்க்க வேண்டாம்.

சாணைத்தூளையும் பிசினையும் சேர்த்துக் கெட்டியாக்கின கறுப்பு வட்டு இருக்கு பாரு, அதுக்கு ஆயுசும் உண்டு. நடு ஓட்டையைச் சுத்தி இருக்கிற தகட்டுல தேதி அடிச்சிருப்பான். பால்மாவு டின்னுல தேதி பார்த்து வாங்குறியே, இதுலயும் பாரு. ஈரத்துல கிடந்த வட்டை நம்பாதே. வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளே ஊறிப் போயிருக்கும்.

கல்லுக்கு வைர வட்டுதான் சரி. வைரம்னதும் உங்க அம்மா மோதிரம் மாதிரி மின்னும்னு நினைச்சுக்காதே. எஃகுத் தகட்டோட விளிம்புல பொடி வைரத்தை உலோகத்தோட சேர்த்துச் சுட்டு ஒட்டியிருப்பான். அதுக்குப் பல்லு கிடையாது. அது வெட்டுறதும் இல்லை, தேய்ச்சுத் தேய்ச்சு வழி பண்ணிக்கிட்டுப் போகுது. இங்கதான் ஒரு கூத்து. கடைக்காரன் ஒருத்தன் ஓடுற வட்டுல விரலை வச்சுக் காட்டுவான், வெட்டாதுன்னு. அது மெதுவா சுத்துற சின்னக் கல்லறுவை மெசின். சதை மெத்துன்னு இருக்கிறதால விலகிக் கொடுக்கும், அதனால தப்பிச்சான். அதைப் பார்த்துட்டு நீ கிரைண்டர்ல விரலை வச்சியோ, அடுத்த வருசம் பூசைக்குப் பொட்டு வைக்க விரல் இருக்காது.

நான் ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவன்டா. பதினாலு வயசுல உளி பிடிச்சேன். விடிகாலையில பெரட்டுக்குப் போய் நின்னு, பேரு கொடுத்து, இருட்டுல தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குப் போவோம். பட்டையைச் சீவுறப்போ உள்ளே ஒரு சவ்வு இருக்கும். அதுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுட்டுச் சீவணும். அதைத் தாண்டிக் கட்டையைத் தொட்டா மரத்துக்குக் காயம். அந்த இடத்துல முண்டும் முடிச்சுமா வளரும், அப்புறம் அங்க உளி ஓடாது. கங்காணி வந்து பார்த்தான்னா நம்ம பரம்பரையையே இழுப்பான். அதனால கை தானாப் பழகிடும். உளியை அழுத்த மாட்டோம். உளி போற போக்குல கையை விடுவோம்.

நீயும் கல்லு வெட்ட ஆரம்பிச்சிருக்கியே, உன் வட்டுக்கும் அதே கைதான் வேணும். கல்லு வெட்டலையேன்னு மேல ஏறி உட்கார்ந்து அழுத்துறே. வட்டு சூடாகும், நெளியும், சந்துல மாட்டும். மாட்டுனா என்ன ஆகும்? வட்டு நிக்கும், மெசின் நிக்காது. மொத்தமா உன்னைப் பார்த்துத் திரும்பி வரும். அப்ப நீ எங்க நிக்கணும்? வட்டுக்கு நேரா நிக்காம ஒரு ஓரமா நிக்கணும். தோட்டத்துல மரம் சாய்க்கிறவன் எங்க நிப்பான்னு பார்த்திருக்கியா? பார்த்திருக்க மாட்டே. தோட்டமே இல்லை, எல்லாம் தாமானா ஆயிடுச்சு.

உருண்டைக் கல்லு இன்னும் மோசம். ஆத்துல பொறுக்குன வழவழப்பான கல்லைக் கையில பிடிச்சுக்கிட்டு வெட்டுறானாம் பையன். தேங்காயை உள்ளங்கையில வச்சு வெட்டுற ஆளுங்க உண்டு, தெரியும். ஆனா தேங்காய் உருளாது, அதைப் பிடிக்க நாரும் உண்டு. கல்லு வட்டுல பட்டதும் உருளும், விரலையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போகும். கல்லை இடுக்கியில கடிக்க வை. இடுக்கி நாப்பது, அம்பது வெள்ளி. தைப்பிங் ஆஸ்பத்திரியில விரலை ஒட்ட வைக்க எவ்வளவுன்னு நான் கேட்டுச் சொல்லணுமா?

அப்புறம் கைலி. கைலி கட்டிக்கிட்டு, கழுத்துல சங்கிலி, கையில சாமிக்கயிறு, கூடவே கம்பளிக் கையுறை. சுத்துற சாமான் பக்கத்துல கையுறை பாதுகாப்புன்னு எவன் சொன்னான்? நூலைப் பிடிச்சு இழுத்தா முழுக் கையும் உள்ளே போகும். தொங்குற எதுவும் கூடாது. முடி வளர்த்திருந்தா முடிஞ்சுக்கோ. கண்ணுக்குக் கண்ணாடி போடு. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், நீ ரஜினி இல்லை. பக்கவாட்டுலயும் மூடுற மாதிரி கண்ணாடி. காதுக்கும் ஏதாவது வை. கிரைண்டர் சத்தம் நூறு டெசிபெல்லைத் தொடும். அந்தச் சத்தத்துல கால் மணி நேரத்துக்கு மேல காதைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு கணக்கு வச்சிருக்காங்க. எனக்கு இப்ப இடது காது கேட்காது. பாதி நேரம் அது வசதிதான், மருமக பேசுறப்போ.

தண்ணி விட்டு வெட்டுறான் பையன். அது புத்தி. எப்படித் தண்ணி விடுறான்? தங்கச்சி பக்கத்துல நின்னு தோட்டத்துக் குழாயால பீச்சுறா. மெசின் வயிறு நிறைய தண்ணி. அது சாதாரணக் கிரைண்டர்டா, தண்ணிக்குன்னு செஞ்சது இல்லை. நம்ம ஊர் சுவத்துல வர்றது 230 வோல்ட். ஈரத் தரையில வெறுங்காலோட நின்னுக்கிட்டு அதைப் பிடிச்சா, கரண்ட் போறதுக்கு நீதான் நல்ல வழி. தண்ணிக்குன்னே தொட்டி வச்சு செஞ்ச டைல் கட்டரோ, கல்லறுவை மெசினோ வாங்கு. வயரைத் தரைப் பக்கம் தொங்க விட்டு வளைச்சு மேல கொண்டு போ. வயர் மேல ஓடுற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது. வீட்டு மின்பெட்டியில டிரிப் பண்ற சுவிட்சு இருக்குமே, அதுல கரண்ட் வாங்குற பாயிண்ட்டுக்கு 30 மில்லியாம்பியர்ல விழுறது இருக்கான்னு வயர்மேனைக் கேளு. அதுல 'டெஸ்ட்'டுன்னு ஒரு பொத்தான் இருக்கும். வருசக்கணக்கா அமுக்காம வச்சிருப்பே. மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாரு. விழலைன்னா அது சுவத்துல மாட்டுன அழகுப் பொருள்.

சில பேர் தண்ணிக்குப் பதிலா மண்ணெண்ணெய் ஊத்துவான், வழவழன்னு வெட்டுமாம். பொறி பறக்கிற இடத்துல மண்ணெண்ணெய். இதுக்கு மேல நான் என்ன சொல்ல? கல்லறுவைக்குன்னு கனிம எண்ணெய் விக்கிறான், சீக்கிரம் தீப்பிடிக்காதது. அது வாங்க வக்கில்லைன்னா தண்ணியே போதும்.

இப்ப நான் எழுந்து போறதுக்கு முன்னால ஒரு விசயம். இதுவரைக்கும் சொன்னதெல்லாம் உடனே வலிக்கிறது. வலிச்சா புத்தி வரும். புத்தி வராம ஆளைக் கொல்றது ஒண்ணு இருக்கு. தூசி.

நான் தோட்டம் மூடுனதுக்கு அப்புறம் கொஞ்ச வருசம் ஒரு குவாரியில இருந்தேன். என் கூட வேலை செஞ்சவன் ஒருத்தன், மலை மாதிரி ஆளு. ஒத்தையா லோரி டயரைத் தூக்குவான். கல்லுத் தூசிக்குள்ளயே நின்னவன். பத்துப் பன்னிரெண்டு வருசம் ஒண்ணும் ஆகலை. அப்புறம் படி ஏற மூச்சு வாங்குச்சு. சுருட்டுதான் காரணம்னாங்க. சுருட்டை விட்டான். காசம்னாங்க, மருந்து குடிச்சான். கடைசியில ரெண்டு தலையணை வச்சு உட்கார்ந்துக்கிட்டே தூங்கினான். நெஞ்சுக்குள்ள கல்லு ஏறிப்போச்சுன்னு சொன்னாங்க. அது சும்மா பேச்சு இல்லை. கருங்கல்லுலயும் மணற்கல்லுலயும் இருக்கிற படிகச் சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத தூளா நுரையீரல்ல போய்த் தங்குது. உடம்பு அதைச் சுத்தித் தழும்பு கட்டுது. சிலிக்கோசிஸ்னு பேரு. மருந்து கிடையாது. அந்த நெஞ்சுக்குக் காசநோயும் சுலபமா வரும். 1997-லேயே உலகச் சுகாதாரத்துக்காரங்களோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதைப் புத்துநோய் உண்டாக்குறதுல முதல் வரிசையில வச்சுட்டாங்க.

இது குவாரிக்காரனுக்குத்தான், எனக்கு எதுக்குன்னு கேக்குறியா? குஜராத்துல கம்பாத்னு ஒரு ஊரு. அங்க அகேட் கல்லை வீட்டு வாசல்லயே வச்சுத் தேய்ப்பாங்க. உன்னை மாதிரியே, வீட்டிலேயே. தேய்க்கிறவன் மட்டும் இல்லை, பக்கத்துல சமைக்கிற பொம்பளையும் விளையாடுற புள்ளையும் அந்தத் தூசியைத்தான் மூச்சு விடுது. ஆண்டாண்டா சிலிக்கோசிஸ்ல சாகிற ஊரு அது. ஆஸ்திரேலியாவுல சமையல்கட்டு மேடைக்குப் போடுற செயற்கைக் கல்லு இருக்கே, அது கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்காதான். அதை வெட்டுன வாலிபப் பசங்க நெஞ்சு கெட்டுப்போய், 2024 ஜூலை 1-ல இருந்து அங்க அதைச் செய்யவோ போடவோ கூடாதுன்னு தடையே போட்டுட்டாங்க. உன் சித்தப்பா வீட்டுல மிச்சம் கிடந்த மேடைத் துண்டை எடுத்து வச்சிருக்கியே பயிற்சிக்கு, அதான் அது.

நம்ம லகாட்டுக்கு ஒரு விசேசம் உண்டு தம்பி. மேற்கால கிளேடாங் மலை, அது கருங்கல்லு. கிழக்கால ஈப்போப் பக்கம் எழும்பி நிக்கிறதெல்லாம் சுண்ணாம்புக்கல்லு. ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கோம். ஒரு கல்லு நெஞ்சைத் தின்னும், ஒண்ணு அவ்வளவு தின்னாது. பையன் ரெண்டையும் ஒரே பையில போட்டுக்கிட்டு வர்றான். எது எதுன்னு தெரியாது. நிறம் நல்லா இருக்காம், வெட்டணுமாம்.

அதைவிட மோசம், பழைய ஈய லம்பத்துல, அதான் சுரங்கத்துல, பொறுக்குறது. 1985-ல ஈய விலை விழுந்து லம்பமெல்லாம் குட்டையா நிக்குது, அதுல மீனு பிடிக்கிறானுங்க. ஈயம் அலசிட்டு ஒதுக்குன கறுப்பு மணலுக்கு ஆமாங்னு பேரு. அதுல மோனசைட் இருக்கும், மோனசைட்ல தோரியம் இருக்கும். அது கதிர் விடும். தமிழ்நாட்டுல மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்லயும் அதே மோனசைட்தான். நமக்குப் பாடம் சொல்ல அவ்வளவு தூரம் போக வேணாம். இந்தா பக்கத்துல புக்கிட் மேரா. 1982-ல அங்க அரிய மண் ஆலை ஒண்ணு ஓட ஆரம்பிச்சுது. ஆமாங்ல இருந்து எடுத்ததைப் பக்குவம் பண்ணி, மிஞ்சுன தோரியக் கழிவை என்ன செய்யிறதுன்னு ஊரே அடிச்சுக்கிச்சு. 1985-ல ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1992-ல ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிச்சு. மறு வருசம் மேல் நீதிமன்றம் அதை மாத்திச்சு. 1994-ல கம்பெனியே கதவைச் சாத்திட்டுப் போச்சு. அந்தக் கதை கேட்டு வளர்ந்த ஊருப் பையன், கனமா கறுப்பா ஒரு கல்லு கிடைச்சா "ரேர் பீஸ் தாத்தா"ன்னு சிரிக்கிறான். வீட்டுக் காத்துல தூளாக்கி விடணுமா அதை?

ஈப்போவுல புவியியல் காட்சியகம் இருக்கு, நம்ம ஊரு கல்லும் கனிமமும் அடுக்கி வச்சிருக்காங்க. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் முகம் பார்த்துட்டு வா. மலையடியில போய்ச் சுத்தியலால தட்டுறதை விடு. 1973-ல குனுங் செரோவுல மலை சரிஞ்சு வீடுகளை மூடி, நாப்பது பேரு கிட்டப் போனாங்க. கல்லுமலைக் கோயிலு இருக்கிற அதே மலை. அங்க போய் நீ தட்டுறதுக்கும் மலை பதில் சொல்லும். இப்ப கிந்தாப் பள்ளத்தாக்கே 2018-ல இருந்து தேசியப் புவிப்பூங்கா. குகையில தொங்குற கல்லை உடைச்சு எடுத்தா அது ஹாபி இல்லை, களவு.

தூசிக்கு என்ன பண்றது? முதல்ல தண்ணி. வெட்டுற இடம் நனைஞ்சே இருக்கணும். வெட்டி முடிச்சதும் சேறு மாதிரி தங்குமே, அதை ஈரத்தோடவே அள்ளி பிளாஸ்டிக் பையில கட்டி வை. காய விட்டுட்டுத் துடைப்பத்தால கூட்டுறது இருக்கே, அது அள்ளுன தூசியைத் திரும்பத் தூக்கி மூக்குல போடுற வேலை. சாக்கடையில ஊத்தாதே, கல்லுப் பொடி கீழே படிஞ்சு அடைச்சுக்கும், அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாகிட்டப் பேச்சு வாங்குவே. வேலை செஞ்ச துணியைத் தனியா அலசு, புள்ளை சட்டையோட போடாதே.

அப்புறம் முகமூடி. நெஞ்சு வலியை நினைச்சாவது நல்லதா வாங்கு. ஆஸ்பத்திரி மாஸ்க்கு நீலமா ஒண்ணு, காதுல மாட்டுறது, அது அடுத்தவனுக்கு எச்சி படாம இருக்கச் செஞ்சது. ஓரமெல்லாம் இடைவெளி. N95-ஓ, வடிகட்டி மாட்டுற ரப்பர் முகமூடியோ வாங்கு. பையனும் வாங்கியிருக்கான், காசுள்ள சாமான். ஆனா மார்பு வரைக்கும் தாடி. தாடி மேல ரப்பரு ஒட்டுமா? தூசி தாடி வழியா வரிசையில நின்னு உள்ளே போகுது. இருநூறு வெள்ளி முகமூடிக்கு ஒரு வெள்ளி ரேசரு பாக்கி. தாடி முக்கியமா நுரையீரல் முக்கியமான்னு கேட்டேன். ரெண்டு நாளு யோசிக்கணுமாம்.

பையனோட மூடி கதைக்கு வர்றேன். பூசை முடிஞ்ச மறுநாள், பெட்டிக்குள்ள கிடந்த கவசத்தை எடுத்து மாட்டச் சொல்லி, திருகை இறுக்கி, என் கண்ணு முன்னால சுத்தவிட்டுப் பார்த்துட்டுத்தான் கோப்பி குடிச்சேன். வட்டு மாத்துறப்போ பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் மாத்தணும்னும் சொல்லிட்டேன். சுவிட்சை அணைச்சா போதாது, பிளக்கு கண்ணு முன்னால தரையில கிடக்கணும்.

நீயும் சனிக்கிழமை வா. கல்லை உடைக்காம கொண்டு வா. ஆணியால ஓரத்துல கொஞ்சம் கீறிப் பொடி எடுத்து, அதுல எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விடு. சில நேரம் மெல்லத்தான் பொங்கும், உத்துப் பாரு. பொங்கினா சுண்ணாம்புக் கல்லுக் குடும்பம். பொங்கலைன்னா கருங்கல்லுன்னே வச்சுக்கிட்டு, முகமூடி இல்லாம தொடாதே. வர்றப்போ பாசார்ல ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்திடு. வீட்டுல இருந்ததை அந்தப் பையன் பூசைக்கு எடுத்துட்டான்.